ஒரு தடவை அழுத்திட்டா அவ்வளவுதான்! வீட்டிலேயே பட்டன் பேட்ஜ் செய்யலாம் வாங்க

பொங்கல் விடுமுறையில் வேடந்தாங்கல் போயிருந்தோம். நானும் அக்கா மகளும். அவள் செங்கல்பட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஏரிக்கரையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நின்றோம். அக்கா மகளின் சட்டையில் நான் செய்து கொடுத்த புத்தம்புது பட்டன் பேட்ஜ். நடுவில் நத்தைகுத்தி நாரை. கீழே வளைவாக 'வெளிநாட்டு விருந்தாளி' என்று எழுத்து.

கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேட்ஜைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னா எழுதியிருக்கே இதுல? வெளிநாடா? இது நம்ம ஊரு புள்ளைம்மா. தோ, ஏரியில நிக்கற மரத்துலதான் கூடு கட்டி குஞ்சு பொரிக்குது. தண்ணி வத்துனா வேற ஏரிக்குப் போவும். மழை பெஞ்சா திரும்பி வரும். அதுக்காக வெளிநாடுன்னு சொல்லிடுவியா?"

அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சித்தி, முப்பது பேட்ஜ் பண்ணிட்டோமே..."

ஆமாம். பள்ளிக்கூடம் திறந்ததும் அவளுடைய வகுப்பில் பறவை ஆர்வலர்களாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முப்பது பேட்ஜ் செய்து வைத்திருந்தோம். முப்பதிலும் அதே வரி!

நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். ஆன்லைனில் ஒரு வார்த்தை தவறாகப் போய்விட்டால் உள்ளே போய் திருத்தி, 'அப்டேட்' கொடுத்தால் முடிந்தது. பட்டன் பேட்ஜில் அந்த வசதி கிடையாது. மெஷினில் வைத்து அழுத்திவிட்டால், திறந்து உள்ளே இருக்கும் பேப்பரை மாற்ற முடியாது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் தகரம் வளைந்து இரண்டும் வீணாகும்.

அதனால்தான் இந்த வாரக் கைவேலையில், பட்டன் பேட்ஜ் எப்படிச் செய்வது என்பதோடு, அழுத்துவதற்கு முன்னால் என்னவெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். என் முப்பது பேட்ஜ் கற்றுத் தந்த பாடம்.

பேட்ஜுக்குள் என்ன இருக்கிறது?

சட்டையில் ஏதாவது குத்திக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சுதந்திர தினத்துக்குக் குண்டூசியில் கொடி, டிசம்பர் 7 கொடி நாளுக்குச் சின்ன ஸ்டிக்கர் கொடி, கோயில் திருவிழாவில் 'விழாக் குழு' என்று ரிப்பன் பேட்ஜ், பள்ளியில் கிளாஸ் லீடர் பேட்ஜ்... எல்லாம் பார்த்தவர்கள்தான் நாம்.

வட்டமாக, பளபளவென்று, பின்னால் ஊக்கு வைத்த பட்டன் பேட்ஜ் பரவியது அமெரிக்காவில். நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரத்தில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் என்ற நிறுவனம் 1896-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. அதே ஆண்டு மெக்கின்லிக்கும் பிரயனுக்கும் நடந்த அதிபர் தேர்தலில் இரண்டு தரப்புமே இந்த பேட்ஜை மக்கள் சட்டையில் ஏற்றிவிட்டது. அன்றைக்குப் படத்தின் மேல் செல்லுலாய்டு என்ற மெல்லிய படலத்தைப் போர்த்தினார்கள். இன்றைக்கு பாலியஸ்டர் பிளாஸ்டிக். மற்றபடி அமைப்பு பெரிதாக மாறவில்லை.

ஒரு பேட்ஜுக்கு நான்கே நான்கு பொருள்தான்.

1. ஷெல்: முன்பக்கம் வரும், லேசாகக் குவிந்த தகர வட்டம்.
2. நாம் பிரின்ட் எடுத்து வெட்டிய பேப்பர் வட்டம்.
3. அதற்கு மேல் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் வட்டம்.
4. பின் மூடி: ஊக்கு பொருத்திய பின்பக்கம்.

இதில் பசை எதுவும் கிடையாது. மெஷின் கொடுக்கும் அழுத்தத்தில் பேப்பரின் ஓரமும் பிளாஸ்டிக்கின் ஓரமும் ஷெல்லைச் சுற்றி உள்பக்கம் மடங்கும். அந்த மடிப்பைப் பின் மூடி கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் திரும்பத் திறக்க முடியவில்லை.

அளவுதான் முதல் பாடம்

நம் ஊர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் அதிகம் கிடைப்பது 58 மில்லிமீட்டர், 44 மில்லிமீட்டர் பேட்ஜ் மெஷின்கள். புதிதாகச் செய்பவர்கள் செய்யும் முதல் தவறு, 58 மில்லிமீட்டர் பேட்ஜுக்கு 58 மில்லிமீட்டரிலேயே படத்தை வெட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். மடங்குவதற்கு ஓரமே இல்லாமல், பேப்பர் உள்ளே நழுவி ஒரு பக்கம் தகரம் தெரிந்தது.

58 மில்லிமீட்டர் பேட்ஜுக்குப் பேப்பர் வட்டம் சுமார் 70 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 44-க்குச் சுமார் 54. மெஷினோடு வரும் பிளாஸ்டிக் வட்டத்தை அளந்து பார்த்தாலே உங்கள் மெஷினின் சரியான அளவு தெரிந்துவிடும்.

பின்னணி நிறத்தை 70 மில்லிமீட்டர் முழுக்க விடுங்கள். முகம், பெயர், எழுத்து எல்லாவற்றையும் நடுவில் 50 மில்லிமீட்டருக்குள் அடக்குங்கள். ஓரத்துக்குப் போன எழுத்து வளைவில் மடங்கி மறைந்துவிடும்.

ஒரு ஏ4 தாளில் 70 மில்லிமீட்டர் வட்டம் எட்டு வரும். 54 மில்லிமீட்டர் என்றால் பதினைந்து. பிரின்ட் கொடுக்கும்போது, 'பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கு' என்ற ஆப்ஷன் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அளவெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் சுருங்கிவிடும்.

பேப்பர் 80 முதல் 120 ஜிஎஸ்எம் போதும். 'தடிமனாக இருந்தால் ரிச்சாக இருக்கும்' என்று கெட்டி போட்டோ அட்டையில் எடுத்தால் மெஷின் இறுகி நின்றுவிடும். இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்தால் நன்றாகக் காயவிட்டு வெட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் மை கலங்கும்.

அழுத்துவோமா?

மெஷினின் அடித்தட்டில் இரண்டு குழி இருக்கும்.

முதல் குழியில் ஷெல், அதன் மேல் படம் மேல்நோக்கிப் பேப்பர், அதன் மேல் பிளாஸ்டிக். கைப்பிடியைக் கீழே அழுத்தித் தூக்குங்கள். இப்போது குழியைப் பார்த்தால் காலியாக இருக்கும். 'ஐயோ, எங்கே போச்சு?' என்று பதற வேண்டாம். மூன்றும் மேல் அச்சில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சரியாகத்தான் போகிறது.

இரண்டாவது குழியில் பின் மூடி. ஊக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். கையேட்டைப் பார்த்துவிட்டு, நல்ல படத்தைப் பலி கொடுக்காமல் ஒரு வெற்றுத்தாளில் முதலில் சோதித்துப் பாருங்கள். தட்டைத் திருப்பி இரண்டாவது குழியை அச்சுக்கு நேராகக் கொண்டுவந்து மீண்டும் அழுத்துங்கள். பேட்ஜ் ரெடி!

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று.

பிளாஸ்டிக் இரண்டு ஒட்டிக்கொள்வது: மெல்லிய வட்டம் என்பதால் இரண்டு சேர்ந்து வந்தால் கண்ணுக்கே தெரியாது. அழுத்தும்போது கைப்பிடி இறங்க அடம்பிடிக்கும். பலம் போட்டு இறக்காமல், நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பிரித்து எடுப்பது நல்லது.

பிளாஸ்டிக்கை மறப்பது: பேப்பர் கிழிந்து வந்தால், அநேகமாக இதுதான் காரணம்.

படம் சாய்வது: பேட்ஜ் அழகாக இருக்கும், சட்டையில் குத்தினால் நாரை படுத்துக்கொண்டிருக்கும்! பின் மூடியின் ஊக்கு படத்துக்குக் குறுக்காக, கிடைமட்டமாக வர வேண்டும். முதல் பேட்ஜ் சரியாக வந்ததும், படத்தின் தலைப்பக்கம் எங்கே இருந்தது என்று இரண்டு குழியின் விளிம்பிலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். பிறகு எல்லாம் நேராக வரும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், படம் வரைவதும் பேப்பர் வெட்டுவதும் அவர்கள் வேலை. மெஷினும் ஊக்கும் பெரியவர்கள் வேலை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு ஊக்கு பேட்ஜே வேண்டாம்.

மெஷின் இல்லையா? கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே!

ஒரு பிறந்தநாளுக்குப் பத்து பேட்ஜ் செய்ய மெஷின் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் வட்டம் இரண்டு வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டம் ஒன்று. ஸ்பாஞ்ச் இருந்தால் பேட்ஜ் லேசாகக் குவிந்து வரும்.

படத்தை ஏழு சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, முன்பக்கம் அகல செல்லோடேப் ஒட்டுங்கள். ஓரத்தைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கத்தரித்து, இதழ் இதழாக அட்டையின் பின்னால் மடித்து ஒட்டுங்கள். அட்டையைவிடச் சற்றுச் சிறிய துணி வட்டத்தில் ஒரு ஊக்கைத் தைத்து, பின்பக்கம் ஃபெவிகாலால் ஒட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள்.

மெஷின் பேட்ஜ் அளவுக்கு நீடிக்காது, மழையில் நனையக் கூடாது. ஆனால், வார்த்தை தவறாகப் போனால் பிரித்து மாற்றலாம். அந்த விஷயத்தில் இதுதான் உசத்தி!

படம் யாருடையது?

இணையத்தில் தேடினால் அழகான நாரைப் படங்கள் ஆயிரம் வரும். எடுத்து பேட்ஜில் போட்டுவிடக் கூடாது. அவை யாரோ ஒரு புகைப்படக்காரர் வெயிலில் காத்திருந்து எடுத்தவை. அனுமதி கேளுங்கள், அல்லது நீங்களே வரையுங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம்.

பறவையை முழுசாக வரைந்தால் கால் நீண்டு, உருவம் சிறுத்துவிடும். தலையும் அலகும் மட்டும் பக்கவாட்டில் வரையுங்கள். வேடந்தாங்கல் பறவைகளுக்கு அலகுதான் அடையாள அட்டை. நத்தைகுத்தி நாரைக்கு மூடிய அலகின் நடுவிலும் ஓர் இடைவெளி. கரண்டிவாயனுக்குக் கரண்டி. அரிவாள் மூக்கனுக்கு அரிவாள். கூழைக்கடாவுக்குக் கீழே தொங்கும் பை. ஆறாம் வகுப்புப் பிள்ளையால் வரைய முடிகிற பறவைகள்தான் எல்லாம்.

விற்கலாமா?

கேட்பவர்கள் நிறைய பேர் என்பதால், கணக்கையும் போட்டுவிடுவோம். மெஷின் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ஜுக்குப் பொருளும் பிரின்ட்டும் சேர்ந்து 10 ரூபாய். விலை 30 ரூபாய். ஒன்றுக்கு 20 ரூபாய் மிச்சம். அப்படியென்றால் 300 பேட்ஜ் விற்ற பிறகுதான் மெஷின் காசே திரும்பும். கெட்டுப்போகும் பேட்ஜ், கூரியர், உங்கள் நேரம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அதனால் முதலில் ஆர்டர், பிறகு மெஷின். பள்ளி ஆண்டு விழா, கல்லூரி விழா, வளைகாப்பு, பிறந்தநாள் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கினால் பாரம் குறையும். வேடந்தாங்கல் மாதிரி சரணாலயத்துக்குள் விற்க நினைத்தால் வனத்துறையிடம் அனுமதி கேட்காமல் கடை விரிக்காதீர்கள்.

எந்த ஆர்டரானாலும், பெயரையும் தேதியையும் வாடிக்கையாளரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகே அழுத்துங்கள். அதையும் ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது.

சரி, அந்த முப்பது பேட்ஜ்?

பாட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு ஏரிக்கரையில் நடந்தபோது, பார்வையே மாறிவிட்டது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு மேல் கூடு. நத்தைகுத்தி நாரை இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை வாழும் பறவை. இங்கே கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கிறது. குஞ்சுக்கு அலகில் அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். வயலில் நத்தையைத் தேடித் தின்கிறது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாமும் இங்கே கூடு கட்டுபவைதான்.

வெளிநாட்டு விருந்தாளிகளும் வருகிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை ஆசியாவின், ஐரோப்பாவின் வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. அந்த வரியை வாத்துக்குப் போட்டிருந்தால் பாட்டி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. விருந்தாளி என்றால் வந்துவிட்டுப் போய்விடும், நாம் வேடிக்கை பார்த்தால் போதும். நம் ஊர்ப் பிள்ளை என்றால் பொறுப்பு நம்முடையது. இந்த ஊர் மக்கள் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். வேடர்களின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ஆனால், 18-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-ல் எழுத்தில் வாங்கினார்கள். 'கவுல்' என்று அதற்குப் பெயர். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்க்காரர்கள் கையில் எழுத்து இருந்தது.

இப்படி ஓர் ஊருக்கு நான் ஒரு பேட்ஜில் 'வெளிநாடு' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து முப்பதையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினோம். "சித்தி, இந்தத் தடவை பேரு மட்டும் எழுதுவோம். மத்ததை நாங்களே வாயால சொல்லிக்கிறோம்" என்றாள் அக்கா மகள். புதிதாக முப்பது செய்தோம். ஐந்து பறவை, ஒவ்வொன்றும் ஆறு பேட்ஜ். எழுத்து ஒன்றுதான்: பறவையின் பெயர். அழுத்துவதற்கு முன்னால் பிரின்ட் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே டீக்கடைக்குப் போனோம். பாட்டி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கரண்டிவாயனில் நின்றார். "அலகு நுனி இன்னும் கொஞ்சம் பட்டையா இருக்கணும்மா. இப்ப இது அகப்பை மாதிரி இல்ல, கோல் மாதிரி இருக்குது" என்றார். திருத்தினோம். பிறகுதான் அழுத்தினோம்.

வகுப்பில் அக்கா மகள் ஒரு விதி போட்டிருக்கிறாள். எந்தப் பறவை பேட்ஜ் வேண்டுமோ, அதைப் பற்றி மூன்று விஷயம் சொன்னால்தான் பேட்ஜ் கையில் கிடைக்கும். ஏனென்றால், சட்டையில் குத்தியிருந்தால் யாராவது நிச்சயம் கேட்பார்களாம். கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டுமாம்.

பழைய முப்பதில் ஒன்றை மட்டும் எடுத்து என் ஆபீஸ் பையில் குத்தி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் பாட்டி கதையைச் சொல்கிறேன்.

வேடந்தாங்கல் போகிறீர்களா?

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி ரோட்டில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். இரை தேடப் போன பறவைகள் திரும்பும் சாயங்கால நேரத்தில் கரையில் இருங்கள். காணும் பொங்கலன்று கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். பேட்ஜ் குத்திக்கொண்டு போகலாம். ஊர்க்காரர்கள் பார்த்துச் சரிபார்ப்பார்கள்!

நீங்கள் செய்த பட்டன் பேட்ஜை போட்டோ எடுத்து அனுப்புங்கள். படத்தில் இருப்பது எந்தப் பறவை, எந்த ஊர், அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த மூன்று விஷயம்... மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வாரம் பழைய புடவையில் பை தைப்போம்.